காம்பினடோரிக்ஸில் ஆராய்ச்சிக்குப் போகலாமா? புளியரையிலிருந்து ஒரு கேள்வி

புளியரைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டையைத் தாண்டி, கேரளா போகிற ரோட்டில் மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற புளியரைதான் என் ஊர். எம்.எஸ்சி. கணிதம் கடைசி வருடம் படிக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் வரிசை மாற்றங்களும் சேர்மானங்களும் நடத்தியபோதே அந்தப் பாடம் மனசில் ஒட்டிக்கொண்டது. ஒரே விஷயத்தை இரண்டு விதமாக எண்ணி, இரண்டும் ஒன்றுதான் என்று காட்டுகிற இடம் வந்தால் இப்போதும் தனி சந்தோஷம். கல்லூரியில் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கிராஃப் தியரியை விருப்பப் பாடமாக எடுத்தேன். இப்படி எண்ணுவதையும் அடுக்குவதையும் பற்றிய கணிதமான காம்பினடோரிக்ஸில் பிஎச்.டி. செய்து, அதிலேயே காலம் தள்ள வேண்டும் என்று ஆசை.

வீட்டில் பி.எட். முடித்து டி.ஆர்.பி. எழுதச் சொல்கிறார்கள். அப்பா மரக்கடையில் கணக்கு எழுதுகிறார், எனக்குப் பின்னால் தம்பி படிக்கிறான், அதனால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதற்கு நடுவில் பக்கத்துக் கல்லூரி சார் ஒருவர், கிராஃபின் புள்ளிகளுக்கு ஒரு விதிப்படி எண் கொடுக்கிற கிராஃப் லேபிளிங்கில் இந்த வருடமே பிஎச்.டி.க்குப் பதிந்துகொள்ளலாம் என்கிறார். உதவித்தொகை கிடையாது, கட்டணம் நாம்தான் கட்ட வேண்டும். எங்கள் மேடமோ, அவசரப்படாதே, முதலில் நெட் தகுதித் தேர்வு எழுது என்கிறார்.

இந்தத் துறையை எடுத்தால் வேலை கிடைக்குமா? லேபிளிங்கில் சேரலாமா? இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்: காம்பினடோரிக்ஸில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தினமும் உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்? எனக்குத் தெரிந்தவர்களில் அப்படி யாரும் இல்லை.

கழுதுருட்டி அக்கா எழுதியது:

தங்கச்சி, வயசில் சின்னவள் என்பதால் நீ என்றே எழுதுகிறேன். உன் ஊருக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவள் நான். கழுதுருட்டிப் பக்கம் எஸ்டேட் லயம். அம்மா கொழுந்து பறித்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கல்லூரியில் இங்கிலீஷ். எம்.எஸ்சி.க்குத் திருநெல்வேலி வந்தேன், பிஎச்.டி. சென்னையில், அப்புறம் கொஞ்ச காலம் வெளிநாட்டில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை. இப்போது கேரளத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர்.

உன் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பதில் உனக்குப் பிடித்துப்போனால் மற்றதையெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் பி.எட். சேர். நல்ல படிப்பு, நல்ல வேலை.

4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் ஐந்து. இதைத்தான் பார்ட்டிஷன் என்கிறோம். 9-க்கு 30 விதம், 14-க்கு 135, 19-க்கு 490. மேக்மஹோன் என்பவர் 200 வரைக்கும் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்த நம் ராமானுஜன், 4, 9, 14, 19 என்று ஐந்து ஐந்தாகத் தாண்டிப் போனால் வருகிற எண்ணிக்கை எல்லாமே ஐந்தால் வகுபடுவதைக் கண்டுபிடித்து, 1919-இல் நிரூபணமும் எழுதினார். ஏழுக்கும் பதினொன்றுக்கும் இதே மாதிரி விதிகள் உண்டு என்றும் சொன்னார்.

நிரூபணம் வந்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று பலரும் நினைப்பார்கள். எங்களுக்கு அங்கேதான் ஆரம்பம். 30 பார்ட்டிஷன் இருக்கிறது, ஐந்தால் வகுபடுகிறது, சரி. அப்படியென்றால் அவற்றை ஆறு ஆறாக ஐந்து கூறு போட முடியும். எது எந்தக் கூறில் போகும்? அதைச் சொல்லும் விதி எங்கே?

ஃப்ரீமன் டைசன் இருபது வயசில், 1944-இல், கேம்பிரிட்ஜ் மாணவர்களின் கணிதப் பத்திரிகை ஒன்றில் ஒரு விதியை எழுதினார். ஒரு பார்ட்டிஷனில் இருக்கிற பெரிய எண்ணிலிருந்து, அதில் மொத்தம் எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அதைக் கழி. அதற்கு ராங்க் என்று பெயர். மேலே இருக்கிற ஐந்துக்கும் போட்டுப் பார். 4-க்கு 4−1=3. 3+1-க்கு 3−2=1. 2+2-க்கு 0. 2+1+1-க்கு −1. 1+1+1+1-க்கு −3. இவற்றை ஐந்தால் வகுத்து மீதியை எடு: 3, 1, 0, 4, 2. ஐந்தும் ஐந்து கூறில் போய் உட்கார்ந்துவிட்டன! 9-க்கும் போட்டுப் பார், ஒவ்வொரு கூறிலும் ஆறு வரும். டைசன் இதை ஊகமாகத்தான் சொன்னார். ஆட்கினும் ஸ்வின்னர்டன்-டையரும் 1954-இல் நிரூபித்தார்கள், ஐந்துக்கும் ஏழுக்கும்.

பதினொன்றுக்கு இந்த ராங்க் வேலை செய்யாது. அதற்கு வேறொரு அளவு இருந்தே ஆக வேண்டும் என்று டைசன் நம்பி, கண்ணில் படாத அந்த அளவுக்குக் கிராங்க் என்று பெயரையும் வைத்துவிட்டார். ஆண்ட்ரூஸும் கார்வனும் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டது 1988-இல். நடுவில் நாற்பத்து நாலு வருடம். அந்தக் கிராங்க் ஐந்து, ஏழு, பதினொன்று மூன்றுக்குமே கூறு போட்டுக் கொடுத்தது.

இன்று ராத்திரி ஒரு தாள் எடுத்து 9-க்கான முப்பதையும் எழுதிக் கூறு போட்டுப் பார். முடித்ததும் இன்னொன்று போடலாம் என்று கை பரபரத்தால் நீ எங்கள் ஆள்.

தினசரி வேலை என்று கேட்டாய். சின்ன எண்களுக்குக் கையால் போடுவது, அடுத்த எண்களுக்கு சேஜ்மேத் என்கிற கணித மென்பொருளில் நாலு வரி நிரல் எழுதுவது, கிடைத்த எண் வரிசையை ஓ.இ.ஐ.எஸ். என்கிற எண் வரிசைக் களஞ்சியத் தளத்தில் கொடுத்து இதை வேறு யாராவது எங்காவது பார்த்திருக்கிறார்களா என்று தேடுவது, ஊகிப்பது, ஊகம் உடைவது, மறுபடி போடுவது. என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க இரண்டு வகைப் படங்களை ஒன்றுக்கு ஒன்று பொருத்துகிற வேலை. அளவு நான்கு வரைக்கும் அழகாகப் பொருந்தியது. ஐந்தில் ஒரே ஒரு படம் மட்டும் ஜோடி இல்லாமல் நின்றது. அதைத் தாளில் பெரிதாக வரைந்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். பல மாதம் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். கடைசியில், அந்தப் படத்தை மேலிருந்து கீழாகப் படிக்காமல் வலமிருந்து இடமாகப் படித்தால் எல்லாமே வேறு ஒழுங்கில் வருவது தெரிந்தது. அந்த அத்தியாயத்தில் உருப்படியான தேற்றம் அதிலிருந்துதான் வந்தது.

இனி லேபிளிங். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு முதலில் திறக்கிற கதவு பெரும்பாலும் இதுதான்.

1967-இல் ரோசா என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். மரம் என்றால் சுற்று இல்லாமல் ஒரே துண்டாக இருக்கிற கிராஃப்; அதன் புள்ளிகள் முனைகள், கோடுகள் விளிம்புகள். ஒரு மரத்துக்கு n முனைகள் என்றால், 0 முதல் n−1 வரை எண்களை முனைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விளிம்பிலும் இரு முனை எண்களின் வித்தியாசத்தை எழுதினால் 1 முதல் n−1 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை வர வேண்டும். எல்லா மரங்களுக்கும் இப்படிக் கொடுக்க முடியுமா? இன்று வரைக்கும் விடை இல்லை. ரோசா இதை விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. இது உண்மையானால், ரிங்கல் 1963-இல் சொன்ன ஊகமும் தானாகவே உண்மையாகிவிடும். அதாவது, m விளிம்புள்ள எந்த மரத்தை எடுத்தாலும், ஒவ்வொரு முனையும் மற்ற எல்லா முனையோடும் இணைந்த, 2m+1 முனைகள் கொண்ட முழு கிராஃபை அந்த மரத்தின் நகல்களாகவே மிச்சமில்லாமல் பிரித்துவிடலாம் என்பது. அந்த ரிங்கல் ஊகத்தைப் பெரிய மரங்கள் எல்லாவற்றுக்கும் 2020-இல் மாண்ட்கோமரி, போக்ரோவ்ஸ்கி, சுடகோவ் மூவரும் நிரூபித்தார்கள், அதுவும் நிகழ்தகவைக் கருவியாக வைத்து. இவ்வளவு ஆழமான கிணறு இது.

ஆனால் லேபிளிங் என்ற பெயரில் பதிவாகும் ஆய்வேடுகள் பலவற்றில் இந்தக் கிணற்றுப் பக்கமே யாரும் போவதில்லை. புதிதாக ஒரு லேபிளிங் வகைக்குப் பெயர் வைப்பார்கள். புதிதாக ஒரு கிராஃப் குடும்பத்துக்கும் பெயர் வைப்பார்கள். இதற்கு அது பொருந்தும் என்று ஒரு சூத்திரம் எழுதிச் சரிபார்த்தால் ஒரு கட்டுரை. லேபிளிங் கட்டுரைகளை எல்லாம் தொகுத்து கால்லியன் புதுப்பித்துக்கொண்டே வருகிற பட்டியல் ஒன்று இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதில் உண்டு. திறந்து ஒரு மணி நேரம் படி. எந்தக் கேள்வி மற்ற கேள்விகளோடு கைகோத்து நிற்கிறது, எது தனியாக நிற்கிறது என்று உனக்கே தெரியும்.

அந்த சாரிடம் மரியாதையாக ஒன்றே ஒன்று கேள்: “இந்தக் கணக்கை நான் முடித்தால், அதற்கப்புறம் வேறு எந்தக் கணக்குக்கு வழி திறக்கும் சார்?” அவர் உற்சாகமாகக் கரும்பலகைப் பக்கம் போனால் யோசிக்கலாம். “இன்னும் நாலு பேப்பர் போடலாம்” என்று மட்டும் சொன்னால் வேண்டாம் என்பேன். பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடும் பத்திரிகைகளின் பெயரை அவர் எடுத்தால் அப்போதே வணக்கம் சொல்லிவிட்டு வா. நம் துறையில் எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் காம்பினடோரிக்ஸ் 1994-இலிருந்து நடக்கிறது. எழுதுகிறவரிடமும் காசு இல்லை, படிக்கிறவரிடமும் காசு இல்லை. நல்ல இடத்தில் வெளியிடக் காசு தேவைப்படாத துறை நம்முடையது, இதை மறக்காதே.

கிராஃப் தியரியே மட்டம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதே. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருந்த கே. ஆர். பார்த்தசாரதியும் ஜி. ரவீந்திராவும், பெர்ஜ் சொன்ன பெர்ஃபெக்ட் கிராஃப் ஊகத்தை ஒரு முக்கியமான கிராஃப் வகைக்கு 1976-இல் நிரூபித்தார்கள். முழு ஊகம் தேற்றமாக அச்சில் வர 2006 ஆயிற்று. அந்த வரலாற்றை எழுதுகிற எவரும் இவர்கள் பெயரை விட்டுவிட முடியாது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் பெரிய ஆட்கள் பலர் பக்கவாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். ஆர். சி. போஸ் கல்கத்தாவில் ஆசுதோஷ் கல்லூரி விரிவுரையாளர், ஜியோமெட்ரி ஆள். மகலனோபிஸ் 1932-இல் அவரைப் புள்ளியியல் நிறுவனத்துக்குக் கூட்டிப்போனார். வயலில் எந்த விதையை எந்தப் பாத்தியில் போட்டுச் சோதிப்பது என்கிற கேள்வியிலிருந்து, டிசைன் என்கிற காம்பினடோரிக்ஸ் பிரிவை அவர் எங்கேயோ கொண்டுபோனார். அவரிடம் அமெரிக்காவில் சாப்பல் ஹில்லில் 1950-இல் பிஎச்.டி. முடித்தவர் ஸ்ரீகண்டே, மத்தியப் பிரதேசத்து சாகர்க்காரர். ஆறு படைப்பிரிவு, ஆறு பதவி, முப்பத்தாறு அதிகாரிகளை ஆறுக்கு ஆறு சதுரத்தில் எந்த வரிசையிலும் எதுவும் திரும்ப வராதபடி நிறுத்த முடியுமா என்று ஆய்லர் கேட்டது 1782-இல். ஆறுக்கு முடியாது, 10, 14, 18, 22 என்று போகிற அளவுகளுக்கும் முடியாது என்பது அவருடைய ஊகம். ஆறுக்கு அவர் சொன்னது சரி. மற்றதெல்லாம் தப்பு என்று 1959-இல் போஸ், ஸ்ரீகண்டே, பார்க்கர் மூவரும் காட்டினார்கள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. அதற்கப்புறம் ஸ்ரீகண்டே இந்தியாவுக்குத் திரும்பி, காசியில் கற்பித்து, பம்பாய்ப் பல்கலைக்கழகக் கணிதத் துறையைக் கட்டி எழுப்பினார். 2020-இல் காலமானபோது அவருக்கு 102 வயது. அந்த போஸும் ராய்-சௌதுரியும் 1960-இல் எழுதிய, பிழை திருத்துகிற பி.சி.எச். குறியீடு டீக்கடையில் மாட்டியிருக்கிற கியூ.ஆர். அட்டையின் மூலைச் சதுரங்களை ஒட்டி இப்போதும் உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “காம்பினடோரிக்ஸ் ஆள் தேவை” என்று போட்டு வருகிற விளம்பரம் குறைவு. வேலை கணிதத் துறையில் வரும், கம்ப்யூட்டர் சயன்ஸில் வரும், புள்ளியியலில் வரும். அதனால் லீனியர் ஆல்ஜீப்ராவும் நிகழ்தகவும் நிரல் எழுதுவதும் உனக்குக் கைவந்திருக்க வேண்டும்.

நெட் பற்றி உன் மேடம் சொன்னது முழுக்கச் சரி. கணிதத்துக்கு எழுத வேண்டியது சி.எஸ்.ஐ.ஆர். நெட். 200 மதிப்பெண்ணில் பார்ட் சி-க்கு மட்டும் 95. அதில் சரியான விடைகள் அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண், ஆனால் தப்புக்குக் கழிக்க மாட்டார்கள். நமக்குப் பிடித்த எண்ணும் கணக்கு பாடத்திட்டத்தில் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். மற்றபடி அனாலிசிஸும் லீனியர் ஆல்ஜீப்ராவும்தான் உன்னைக் கரையேற்றும். அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000. 2023-இலிருந்து இந்தத் தொகை. வீட்டு வாடகைப்படி தனி. அப்பாவிடம் இந்த எண்ணைச் சொல். சில நேரம் பணம் மாதக் கணக்கில் தாமதமாக வரும், அதையும் சேர்த்தே சொல். தேசிய உயர் கணித வாரியத்தின் என்.பி.எச்.எம். தேர்வையும் கேட் தேர்வையும் விடாதே.

முடித்த கையோடு நிரந்தர வேலை கிடைப்பது அபூர்வம். கெஸ்ட் லெக்சரராக ஓட்ட வேண்டி வரலாம். நான் நேர்காணலுக்குப் போன ஒரு தனியார் கல்லூரியில் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு தர முடியும் என்பதுதான் பேச்சு. எழுந்து வந்துவிட்டேன், ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) ராங்க் லிஸ்டில் பெயர் வந்து, வேலைக்கான அட்வைஸ் மெமோ கைக்கு வரும் வரைக்கும் அம்மா எஸ்டேட் வேலையை விடவே இல்லை. இப்போது வாரத்துக்குப் பதினாறு மணி நேர வகுப்பு, அதுபோக விடைத்தாள், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புகள். ஆராய்ச்சிக்கு விடியற்காலையும் விடுமுறையும்தான் மிச்சம். ஆனாலும் சொல்கிறேன், அந்த விடியற்காலை எனக்கு வேண்டும்.

கம்பத்துக்காரன் எழுதியது:

அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் இப்போது ஐரோப்பாவில் போஸ்ட்டாக். ஊரில் திராட்சைத் தோட்டம், குமுளி தாண்டினால் ஏலக்காய், எங்கள் வீட்டிலும் கணிதம் என்றால் கணக்கு வாத்தியார்தான்.

ஒரு இடத்தில் எனக்கு வேறு கருத்து. ஜே.ஆர்.எஃப். வந்தால்தான் அடுத்த அடி என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சென்னையில் தரமணி கணித அறிவியல் நிறுவனம், சென்னைக் கணிதவியல் நிறுவனமான சி.எம்.ஐ., திருவனந்தபுரம் பக்கம் விதுராவில் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான ஐசர், இவர்களின் சேர்க்கை முறை ஒவ்வொன்றும் வேறு. ஒவ்வொரு வருடமும் அறிவிப்பைப் படித்து எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். எம்.டி.டி.எஸ். என்று கோடைப் பயிற்சி முகாம் 1993-இலிருந்து நடக்கிறது. அங்கே ஒரு மாதம் இருந்தால், நிரூபணம் எழுதுவது என்றால் என்னவென்று தெரிந்துவிடும். எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பாடத்துக்கு ஆள் இல்லை என்று கவலை வேண்டாம். பிரெஞ்சுக்காரர் சேவியர் வியன்னோ 2016 முதல் 2019 வரை தரமணியில் நான்கு பகுதிகளாக எடுத்த வகுப்புகள் முழுதும் யூடியூபில் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று பொருத்துகிற நிரூபணங்கள்தான் அதில் முழுக்க முழுக்க. கையில் கலர் பென்சில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

போஸ்ட்டாக் வாழ்க்கை சுலபமில்லை. ஒப்பந்தம் ஒரு வருடம், இரண்டு வருடம். சேர்ந்த அன்றே அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்க வேண்டும். தங்கச்சி கல்யாணத்துக்கு விசா சிக்கலில் வர முடியவில்லை, அது இன்னும் ஆறவில்லை. ஆனால் 2023 மார்ச்சில் காம்போஸ், கிரிஃபித்ஸ், மோரிஸ், சஹஸ்ரபுத்தே நால்வரும் ராம்சே எண்ணின் (எத்தனை பேர் கூடினால் அதில் k பேர், எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவோ எல்லாரும் தெரியாதவர்களாகவோ இருந்தே தீருவார்கள் என்கிற எண்) மேல் எல்லையை, பல பத்தாண்டுகளாக யாராலும் அசைக்க முடியாத அந்த நாலின் k அடுக்கை, நாலைவிடச் சின்ன எண்ணின் அடுக்காக இறக்கிய கட்டுரை ஆர்க்கைவ் என்கிற இலவசக் கட்டுரைத் தளத்தில் வந்த அன்று, எங்கள் துறையில் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஒரே அறையில் கூடி வரிவரியாகப் படித்தோம். அந்த மாதிரி ஒரு நாளுக்காக எத்தனை பெட்டியும் கட்டலாம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

லேபிளிங்கில் பிஎச்.டி. செய்தவள் நான். பாலக்காட்டுப் பக்கம் சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முடித்தேன். குழந்தை கைக்குழந்தை, வெளியூர் போக வழியில்லை, கிடைத்த வழியில் போனேன். என் கைடு நேர்மையானவர், ஒரு கட்டுரைக்கும் காசு கட்ட விடவில்லை. அந்தப் பட்டத்தால் வேலை நிலைத்தது, சம்பளம் கூடியது, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் புளியரைப் பிள்ளை கேட்டது வேறு. ஆராய்ச்சியிலேயே காலம் தள்ள ஆசை என்கிறாள். அதற்கு என் வழி போதாது. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பித்தபோது என் கட்டுரைகளை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வயசில் கால் கட்டு இல்லாதபோது நெட்டுக்கு உட்காரு, கண்ணு. என் வழி எப்போதும் இருக்கும், பிறகும் வரலாம்.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் எழுதியது:

அம்மாடி, உனக்குத் தெரிந்தவர்களில் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டிலிருந்து தென்காசிக்கு பஸ் ஏறினால் செங்கோட்டை தாண்டி வழியில் வருகிற வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. அவர் எண் கோட்பாட்டுக்காரர், உன் துறைக்குப் பக்கத்து வீடு. சின்ன வயசிலேயே தாயை இழந்தார், பள்ளிப் படிப்பு முடிவதற்குள் தகப்பனாரும் போய்விட்டார். சாஸ்திரியார் என்று ஒரு வாத்தியார் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டார். நாகர்கோவிலில் இன்டர்மீடியட், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ., சென்னையில் ஆனந்தராவிடம் ஆராய்ச்சி, அப்புறம் 1929-இலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அந்தச் சிதம்பரத்து வேலையில் இருந்தபடிதான் வாரிங் கணக்கில் உலகத்தரமான வேலையைச் செய்தார். எந்த எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளுக்கு மிகாமல் கூட்டிக் கொண்டுவரலாம் என்று 1940-இல் நிரூபித்தவர் அவர்தான்.

உனக்குப் பிடிக்கிற மாதிரி அவருடைய இன்னொரு தேற்றம் உண்டு. தொடர்ச்சியாக வருகிற எண்கள் பதினாறு வரை எடுத்தால், அவற்றில் ஒன்றாவது மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாமல் நிற்கும். பதினேழு எடுத்தால் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. 2184 முதல் 2200 வரை எழுதிப் பார். 2197 என்பது 13-இன் கனம், 2184-இலும் 13 இருக்கிறது. 2189-இல் 11, 2200-இலும் 11. இப்படிப் பதினேழுக்கும் கூட்டாளி உண்டு. என் மாணவர்களுக்கு வருடா வருடம் இதைக் கொடுப்பேன். பெஞ்சு பெஞ்சாக அமைதியாகிவிடும்.

1950-இல் பிரின்ஸ்டனில் ஒரு வருடம் இருக்க அழைப்பு வந்து, ஹார்வர்டில் உலகக் கணித மாநாட்டுக்கும் சேர்த்துப் புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்துபோனார். 49 வயசு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய குறை. உன் அப்பாவிடம் இவரைப் பற்றிச் சொல். நான் வேண்டுமானால் வீட்டுக்கே வந்து பேசுகிறேன், தென்காசியில்தான் இருக்கிறேன்.

புளியரைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, 9-க்கு முப்பதும் எழுதிக் கூறு போட்டேன். ஆறு ஆறாக வந்தது. தம்பியை எழுப்பிக் காட்டினேன். 14-ஐயும் ஆரம்பித்திருக்கிறேன்.

வாத்தியார் ஐயா, வல்லம் வழியாகத்தான் தினமும் கல்லூரிக்குப் போகிறேன். இத்தனை நாள் எனக்கு இது தெரியாது. அப்பாவிடம் பேசினேன், ஒரு வருடம் நெட்டுக்குப் படி, அதற்குள் ஒன்றும் ஆகவில்லை என்றால் பி.எட். என்கிறார். நீங்கள் ஒருநாள் வந்தால் அப்பாவுக்கும் சந்தோஷம்.

லேபிளிங் சாரிடம் அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். கோபப்படவில்லை. “அதற்கப்புறம் வேறு கிராஃபுக்குப் போடலாம்மா” என்றார். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறவர்களுக்கு மெயில் எழுதலாமா? என்ன எழுதுவது?

கழுதுருட்டி அக்கா எழுதியது:

தாராளமாக எழுது. அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதலில் அவருடைய கட்டுரை ஒன்றை ஆர்க்கைவிலிருந்து இறக்கிப் படி. முழுக்கப் புரியாது, பரவாயில்லை. ஓர் எடுத்துக்காட்டையாவது கையால் போட்டுப் பார்த்து, எந்த இடத்தில் நின்றாய் என்பதை எழுது. “இரண்டாம் பிரிவில் உள்ள படத்தை அளவு மூன்றுக்குப் போட்டேன், ஐந்து வருகிறது, நீங்கள் ஆறு என்கிறீர்கள், எதை விட்டேன் என்று தெரியவில்லை” என்று ஒரு மாணவி எழுதினால் பதில் போடாத ஆளை நான் பார்த்ததில்லை. “உங்கள் பணியால் ஈர்க்கப்பட்டேன்” என்று தொடங்குகிற மெயில் எல்லாருக்கும் தினமும் வருகிறது, அதை எழுதாதே. மதிப்பெண் பட்டியலைக் கடைசியில் இணை. கோடையில் சில வாரம் வந்து படிக்க இடம் உண்டா என்றும் கேள். சில இடங்களில் தங்க அறையும் சிறு தொகையும் தருவார்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டு, அதோடு விட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுது.

அப்பா ஒரு வருடம் கொடுத்திருக்கிறார், அது பெரிய விஷயம். நெட் வருடத்துக்கு இரண்டு தடவை வரும், இரண்டையும் எழுது. பார்ட் சி-க்கு லீனியர் ஆல்ஜீப்ராவை முதலில் முடி. தரமணியில் நேர்முகத் தேர்வு வந்தால் செங்கோட்டையில் பொதிகை ஏறினால் போதும், காலையில் சென்னை. அங்கே பெண்கள் விடுதியில் என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள், முந்தின நாள் ராத்திரி தங்க ஏற்பாடு செய்து தருகிறேன். அப்பாவையும் கூட்டி வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், அவருக்குத் தனியாக இடம் பார்க்க வேண்டும்.